கொரியாவிலிருந்து வந்த மாப்பிள்ளை!

சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி இருக்கும். மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குள் நானும் என் மனைவியும் நுழைந்தோம். நல்ல பசி. சாதாரணமாக வாசலில் செருப்புச் சத்தம் கேட்ட உடனேயே, "வாப்பா, கை கால் கழுவிட்டு வா" என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்துவிடும். அன்று வரவில்லை. கூடத்தில் விளக்கு அணைந்திருந்தது. டெலிவிஷன் வெளிச்சத்தில் மூன்று தலைகள் மட்டும் தெரிந்தன. அறுபத்தெட்டு வயதுப் பெரியம்மா, நாற்பத்தைந்து வயது அண்ணி, காலேஜில் படிக்கும் அண்ணன் மகள்.

"உஸ்!" என்றது அந்த மூன்றாவது தலை.

நானும் பார்த்தேன். ஏதோ ஒரு கடலோரக் கிராமம். கொரியா நாட்டுக் குடும்பம் ஒன்று சாப்பிட உட்கார்ந்திருந்தது. அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துப் படித்து, பேத்தி பாட்டிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அடிதடி இல்லை, பாட்டு இல்லை, யாரும் யாரையும் ஏசவும் இல்லை. சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்!

யாரோ சாப்பிடுவதைப் பார்த்து யாராவது அழுவார்களா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தினம் இதே கதைதான்" என்று அலுத்துக்கொண்டார் அண்ணன். "எம்.ஜி.ஆர்., சிவாஜி படம் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு இப்போது கொரியாக்கார மாப்பிள்ளை வேண்டியிருக்கு! நம்ம கலாசாரம் எங்கே போய் முடியப் போகுதோ!"

கலாசாரம் என்ற பெரிய வார்த்தை வந்ததும் என் பத்திரிகைக்கார மூளை விழித்துக்கொண்டது. அயல் நாட்டுக் கதை நம் வீட்டுக் கூடத்துக்கு வந்தது இப்போதுதானா? இந்த மாப்பிள்ளையிடம் அப்படி என்னதான் இருக்கிறது? விசாரித்துப் பார்த்தேன். வாசகர்களும் கொஞ்சம் கேளுங்கள்.

கோர்ட்டுக்குப் போன கதை

எம்.ஜி.ஆர். முதன் முதலில் நடித்த படம் 'சதி லீலாவதி'. 1936-ம் வருஷம் வெளிவந்தது. அதை டைரக்ட் செய்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அதற்கு முந்தின வருஷந்தான் கப்பலேறி இந்தியாவுக்கு வந்திருந்தார். தமிழ் தெரியாது. தெரியாமலே 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'மீரா', 'மந்திரி குமாரி' என்று வரிசையாக எடுத்துவிட்டு, 1950-ல் ஊர் திரும்பினார். நம் பாட்டிமார் உருகி உருகிப் பார்த்த சகுந்தலையையும் மீராவையும் காமிராவுக்குப் பின்னால் நின்று நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரர் என்பதை எண்ணிப் பாருங்கள்!

வேடிக்கை இதோடு முடியவில்லை. 'சதி லீலாவதி' எஸ்.எஸ். வாசன் எழுதிய தொடர்கதை. ஆனந்த விகடனில் வந்தது. குடியால் குடும்பம் சீரழியும் கதை. அதே சமயத்தில் 'பதி பக்தி' என்று இன்னொரு படமும் தயாராயிற்று. அதுவும் குடியால் குடும்பம் சீரழியும் கதைதான். 'என் கதையை நீ திருடினாய்' என்று விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. அங்கே உண்மை வெளியாயிற்று. இரண்டு கதைகளுக்குமே மூலம், எல்லென் உட் என்ற ஆங்கில மாது 1860-ல் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற நாவல்! ஸ்காட்லாந்தில் இருந்த ஒரு மதுவிலக்குச் சங்கம், குடியின் தீமையைப் பற்றி நல்ல கதை எழுதுபவருக்கு நூறு பவுன் பரிசு என்று அறிவிக்க, அதை வென்ற நாவல் அது.

சீமையில் ஒரு குடும்ப ஸ்திரீ எழுதிய கதை, எழுபத்தைந்து வருஷம் கழித்துச் சென்னைப் பத்திரிகையில் தமிழ்த் தொடர்கதையாகி, அமெரிக்க டைரக்டர் கையால் சினிமாவாகி, பிற்பாடு முதலமைச்சரான ஒரு நடிகரை உலகுக்கு அறிமுகம் செய்து வைத்தது. கொட்டகையில் அமர்ந்து கண்ணீர் விட்ட பெண்களில் ஒருத்தியாவது, 'ஐயோ, இது அயல் நாட்டுக் கதையாயிற்றே' என்று எழுந்து போயிருப்பாளா? அவள் கண்ணுக்கு அது அடுத்த தெருவில் நடக்கும் கதை. குடிகாரன் மனைவியின் துயரத்துக்குத் தேசம் ஏது?

கத்தியும் காமிராவும்

அதற்குப் பிறகும் கடன் நிற்கவில்லை. 1940-ல் பி.யு. சின்னப்பா இரட்டை வேஷத்தில் நடித்த 'உத்தம புத்திரன்', முகமூடி போட்டுச் சிறை வைக்கப்பட்ட பிரெஞ்சு ராஜகுமாரனின் கதை. 1958-ல் சிவாஜி கணேசன் நடிப்பில் மறுபடியும் வந்தது. 1954-ல் எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்த 'அந்த நாள்' ஒரு கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் படம். பாட்டே இல்லாமல் வந்து அதிசயமாகப் பேசப்பட்டது. அதற்கு ஜப்பானிய 'ரஷோமோன்' தூண்டுதல் என்பார்கள். 1965-ல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்', 'கேப்டன் பிளட்' என்ற ஹாலிவுட் படத்தின் கப்பலில் ஏறி வந்தது. நாம் குடும்பத்தோடு போய் விழுந்து விழுந்து சிரித்த 'அவ்வை சண்முகி' கூட, 1993-ல் அமெரிக்காவில் ஆயாவாக வேஷம் போட்ட ஒரு தகப்பனின் தமிழ்ப் பதிப்புத்தான்.

இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல விதை எங்கிருந்து வந்தாலும் நம் மண்ணில் முளைத்துவிட்டால் அது நம் செடி. மிளகாயும் தக்காளியும் கூட அயல் நாட்டுச் சரக்குத்தானே? அவை இல்லாமல் ரசம் வையுங்கள் பார்ப்போம் என்றால் பாதிப் பேர் விழிப்போம்.

ஆனால் மேற்படி ஜாபிதாவை ஒரு முறை திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் நாம் கடன் வாங்கியது என்ன? வாள் சண்டை, இரட்டை வேஷம், மாறு வேஷம், கொலை மர்மம். சமீப காலத்தில் துப்பாக்கி, கார் துரத்தல், ரத்தம். கொரியாவிலிருந்து வந்த கடனும் முதலில் அந்த ரகந்தான். அந்நாட்டின் 'ஓல்ட்பாய்' என்ற பயங்கரப் பழிவாங்கும் படம் 2003-ல் வந்தது. மூன்று வருஷத்துக்குள் 'ஜிந்தா' என்ற ஹிந்திப் படம் அதன் ஜாடையில், அநுமதி இல்லாமலே வந்து நின்றது.

இப்போது காலம் மாறிக்கொண்டு வருகிறது. முறையாக உரிமை வாங்குகிறார்கள். நயன்தாரா கண் பார்வை இழந்த பெண்ணாக நடித்து 2021-ல் வந்த 'நெற்றிக்கண்', 'பிளைண்ட்' என்ற கொரியப் படத்தின் தமிழ் உருவம். 2019-ல் சமந்தா நடித்த தெலுங்குப் படம் 'ஓ! பேபி'யும் அப்படித்தான். அதன் மூலமான 'மிஸ் கிரானி' 2014-ல் வந்தது. குடும்பத்தாருக்குப் பாரமாகிவிட்டோமே என்று மனம் ஒடிந்த, எழுபது வயதைத் தாண்டிய கிழவி, ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், இருபது வயதுக் குமரி! சீனா, ஜப்பான், வியத்நாம், தாய்லாந்து என்று பல தேசங்கள் இந்தக் கதையைத் தத்து எடுத்துக்கொண்டன.

கடைசியில், பேரனுக்கு ரத்தம் கொடுத்தால் அவள் இளமை போய்விடும். மகன் வந்து, எங்களை மறந்துவிட்டு இனியாவது உனக்காக வாழ்ந்துகொள் அம்மா என்கிறான். அவளோ, எத்தனை தரம் பிறந்தாலும் இதே வாழ்க்கையைத்தான் வாழ்வேன், அப்போதுதானே நீ எனக்கு மகனாக இருப்பாய் என்கிறாள். கொரியத் தாயார் சொல்லும் இந்தப் பதில், நம்மூரில் எந்தத் தாயாரும் சொல்லக் கூடியதுதான். ஆனால், வாழ்நாளெல்லாம் உழைத்தவளைப் பார்த்து, 'நீ உனக்காக வாழ்ந்துகொள்' என்று சொன்னான் பாருங்கள் ஒரு மகன்! அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை தேசத்துப் பெண்களும் அழுதிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கார் பெரிதா, சினிமா பெரிதா?

கொரியாக்காரர்களும் சும்மா வந்துவிடவில்லை. 1945 வரை ஜப்பானியர் ஆதிக்கத்தில் இருந்த நாடு. அந்தக் கசப்பினால் ஜப்பானிய சினிமாவையும் பாட்டையும் 1998 வரை தடுத்தே வைத்திருந்தார்கள். அமெரிக்கப் படங்களின் வெள்ளம் வேறு. ஒவ்வொரு கொட்டகையும் வருஷத்தில் 146 நாள் உள்நாட்டுப் படம் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டுச் சமாளித்தார்கள். அந்தச் சட்டத்தைத் தளர்த்தப் பார்த்தபோது, 1999-ல் சினிமாக்காரர்கள் தெருவில் உட்கார்ந்து தலையை மொட்டை அடித்துக்கொண்டார்கள். ஆனாலும் 2006-ல் அது 73 நாளாகக் குறைந்தது.

1994-ல் அந்நாட்டு ஜனாதிபதியிடம் ஓர் அறிக்கை போயிற்று. 'ஜுராஸிக் பார்க்' என்ற ஒரே அமெரிக்கப் படம் சம்பாதித்த பணம், பதினைந்து லட்சம் ஹுண்டாய் கார் விற்றால் கிடைப்பதற்குச் சமம் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். அதன் பிறகே அரசாங்கம் சினிமாவையும் ஒரு தொழிலாக எண்ணிக் கை கொடுத்தது. நமக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. அதே ஹுண்டாய் கம்பெனி 1998-ல் நம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் கார் செய்ய ஆரம்பித்தது. கார் முதலில் வந்தது. கதை பின்னால் வந்தது.

எப்படி வந்தது? 2014 வாக்கில் 'புதுயுகம்' டெலிவிஷனில் சில கொரியத் தொடர்கள் தமிழ் பேசின. 'பாய்ஸ் ஓவர் பிளவர்ஸ்' என்ற தொடரைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பெண்கள் நோட்டுப் புஸ்தகத்தில் கதாநாயகன் பெயரை எழுதி வைத்துக்கொண்டதை அண்ணி இப்போதும் சொல்லிச் சிரிக்கிறாள். அந்தத் தொடரின் ஜாதகத்தைப் பார்த்தால் நமக்கு இன்னும் சிரிப்பு வரும். அது கொரியாக் கதையே அல்ல! ஜப்பானில் யோகோ காமியோ என்ற பெண்மணி 1992-ல் எழுத ஆரம்பித்த சித்திரக் கதை. 2001-ல் தைவான், 2005-ல் ஜப்பான் எனச் சுற்றி, 2009-ல்தான் கொரியாவுக்கு வந்து சேர்ந்தது. கடன் வாங்குவதில் யாரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை!

மணிப்பூரின் கதை இன்னும் விசித்திரம். அங்கே 2000-ம் வருஷம் ஒரு போராளிக் கூட்டம் ஹிந்திப் படங்களைக் காட்டக் கூடாது என்று தடை போட்டது. காலியான இடத்தில் கொரிய டெலிவிஷன் வந்து உட்கார்ந்துகொண்டது. இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, 2023 சுதந்திர தினத்தன்றுதான் சுராசந்த்பூரில் ஒரு ஹிந்திப் படத்தைப் பகிரங்கமாகக் காட்டினார்கள். இலங்கையில் 2012-ல் ரூபவாஹினி, 'தே ஜாங் கும்' என்ற தொடரைச் சிங்களத்தில் காட்டியபோது தீவு முழுவதும் அதே பேச்சாக இருந்தது. அரண்மனைச் சமையற்கட்டில் எடுபிடியாகச் சேர்ந்த ஒரு பெண், ராஜாவுக்கே வைத்தியம் பார்க்கும் நிலைக்கு உயர்ந்த கதை அது. ஜோஸன் வம்சத்துச் சரித்திரக் குறிப்புகளில் அந்தப் பெண்ணின் பெயர் நிஜமாகவே இருக்கிறது.

'தொடரும்' என்ற மந்திரம்

பெரியம்மாவிடமே கேட்டேன். "இதில் அப்படி என்ன இருக்கு பெரியம்மா?"

"முடியுதேப்பா!" என்றாள்.

விளையாட்டுப் பதில் என்று நினைக்காதீர்கள். நம் டெலிவிஷன் தொடர்கள் எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? 'கோலங்கள்' 2003-ல் ஆரம்பித்து 2009-ல் முடிந்தது. 1,500-க்கு மேல் பகுதிகள்! மாமியார் சூழ்ச்சி பலித்ததா என்று தெரிந்துகொள்வதற்குள் வீட்டில் பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும். கொரியத் தொடர் பெரும்பாலும் பதினாறு பகுதி. ஆரம்பம் உண்டு, நடு உண்டு, முடிவு உண்டு. நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைப் போலவே சரியான இடத்தில் 'தொடரும்' போட்டு நிறுத்தத் தெரியும். பாட்டிக்குப் பேத்தி படித்துச் சொல்வதைப் பார்த்தபோது, அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்ததும் படிக்கத் தெரிந்த ஒருத்தி உரக்கப் படிக்க, வீடு முழுவதும் சுற்றி உட்கார்ந்து கேட்ட காட்சிதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு காரணம் பேச்சில் இருக்கிறது. அங்கே அம்மா 'ஒம்மா', அப்பா 'அப்பா'வேதான்! 'நான்' என்பதற்கு 'நா', 'நீ' என்பதற்கு 'நொ'. இதைக் கேட்டுச் சொக்கிப் போன ஹோமர் ஹல்பெர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-ல் ஒரு புஸ்தகமே போட்டார். மொழி வல்லுநர்கள் இந்த உறவை ஒப்புக்கொள்வதில்லை. ஒலி ஒற்றுமை தற்செயல்தான் என்கிறார்கள். போகட்டும். மொழியில் உறவு இல்லாவிட்டாலும் முறையில் உறவு இருக்கிறது. அங்கும் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அக்கா 'ஒன்னி', அண்ணன் 'ஒப்பா'. காதலனையும் 'ஒப்பா' என்றே அழைக்கிறார்கள் என்பதைக் கேட்டு, பெரியம்மா முதலில் காதைப் பொத்திக்கொண்டாளாம். "அட, நாம 'அத்தான்'னு கூப்பிடலையா, அது மாதிரி பாட்டி" என்று பேத்தி சமாதானம் சொன்ன பிறகே கதை மேலே நகர்ந்ததாம்.

பெரியவர் முன் குனிந்து வணங்குவதும், அரிசிச் சாதமும் காரக் குழம்பும், ஊறுகாய்ப் பானையும், பிள்ளை பரீட்சை எழுதப் போகும்போது தாய் கோயிலில் நிற்பதும் நமக்குப் புதிதா? ஹாலிவுட் படத்தில் இவை கிடைக்காது. நம் சினிமாவில் ஒரு காலத்தில் கிடைத்தன. இப்போது தேட வேண்டியிருக்கிறது.

எழுதுகிறவர் யார்?

எல்லாவற்றையும் விட முக்கியமான காரணம், திரையில் தெரியாதவர்களிடம் இருக்கிறது. கொரியத் தொடர்களை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்! கிம் சூ-ஹியூன் என்ற பெண் எழுத்தாளர் 1970-களிலிருந்தே குடும்பக் கதைகளுக்குப் பெயர் போனவர். அவர் எழுதிய 'வாட் இஸ் லவ்' 1997-ல் சீனாவுக்குப் போய் அங்குள்ள குடும்பங்களைக் கட்டிப் போட்டது. இரண்டு பெண்கள் சேர்ந்து எழுதிய 'விண்டர் சொனாட்டா' 2003-ல் ஜப்பானுக்குப் போனது. அதன் கதாநாயகன் பே யோங்-ஜுன் 2004-ல் டோக்கியோவில் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கில் கூடிய பெண்களில் பெரும்பாலோர் சின்னப் பெண்கள் அல்ல. நடு வயதுக் குடும்பப் பெண்கள்!

பார்க் ஜி-யூன் என்ற பெண்மணி எழுதிய 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' 2019 டிசம்பரில் ஆரம்பித்தது. தென் கொரியச் சீமாட்டி ஒருத்தி புயலில் சிக்கி வட கொரியாவில் போய் விழுகிறாள். அங்கே ஒரு ராணுவ அதிகாரி அவளைக் காப்பாற்றுகிறான். நம் கதாநாயகனாக இருந்தால் என்ன செய்வான்? பத்துப் பேரை அடித்து வீழ்த்துவான். இவன் அதுவும் செய்கிறான். ஆனால் பெண்கள் மறக்காமல் சொல்லுவது அதை அல்ல. அவள் காப்பி குடிக்க ஆசைப்பட்டாள் என்று கடைத்தெருவில் கொட்டை வாங்கி வந்து, வறுத்து, அரைத்து, வடிகட்டிக் கொடுக்கிறான் பாருங்கள், அதைத்தான்! நாற்பது வருஷமாகக் காலை ஐந்தரைக்கு எழுந்து டிகாக்ஷன் இறக்கியவளுக்கு அந்தக் காட்சியின் அருமை தெரியும். ஆண் எழுத்தாளருக்குத் தோன்றியிருக்குமா?

இதைச் சொல்லும்போது உண்மை நிலையையும் சொல்லிவிட வேண்டும். கொரிய வீட்டு மாப்பிள்ளைகள் எல்லாரும் காப்பி வறுத்துக் கொடுக்கிறவர்கள் என்று எண்ணி யாரும் ஏமாற வேண்டாம்! பணக்கார நாடுகளிலேயே ஆண் பெண் சம்பள வித்தியாசம் அங்கேதான் அதிகம். ஆண் நூறு ரூபாய் வாங்கினால் பெண் சுமார் எழுபதுதான் வாங்குகிறாள். கல்யாணமே வேண்டாம் என்று ஒதுங்கும் பெண்கள் பெருகிவிட்டார்கள். 2023-ல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 0.72. அதாவது, ஒன்று கூட இல்லை! கிடைக்கிற பொருளைப் பற்றி யார் கனவு காண்கிறார்கள்? அந்நாட்டுப் பெண்கள் தங்களுக்குக் கிடைக்காத மாப்பிள்ளையைக் கதையில் செய்து வைத்தார்கள். அந்தக் குறை நம் வீட்டிலும் இருப்பதால் அவன் இங்கேயும் செல்லுபடி ஆகிறான்.

தொடர்களில் குறை இல்லாமலும் இல்லை. கோடீசுவரன் மகன் ஏழைப் பெண்ணைக் காதலிப்பது, திடீரென்று லாரி மோதி ஞாபகம் மறந்து போவது, இதெல்லாம் நாம் பழைய படங்களில் பார்த்துச் சலித்த சரக்குத்தான். முகத்தில் பரு இல்லாத, வியர்வை இல்லாத மனிதர்களையே பார்த்துப் பார்த்து நம் பெண் குழந்தைகள் கண்ணாடி முன் நின்று கவலைப்படுவதும் நல்லதல்ல. ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்துவிட்டுக் காலையில் பாலைப் பொங்க விடுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

அந்தச் சாப்பாட்டுக் காட்சி

இப்போது பெரியம்மா அழுத கதைக்கு வருவோம். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்' என்ற தொடர். லிம் சாங்-சுன் என்ற புனைபெயரில் எழுதப்பட்டது. 2025 மார்ச்சில் நான்கு வாரங்களாகப் பதினாறு பகுதி வந்தது. ஜேஜு என்ற தீவு. அங்கே மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய்ச் சிப்பி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு 'ஹேன்யோ' என்று பெயர். அப்படி ஒருத்தியின் மகள் ஏ-சுன். கவி எழுத ஆசை. தாய் இருபத்தொன்பது வயதிலேயே போய்விடுகிறாள். குவான்-சிக் என்று அதிகம் பேசாத ஒரு பையன் அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான்.

அவன் வீட்டில் பழைய வழக்கம். ஆண்களுக்கு ஒரு மேஜை, பெண்களுக்கு வேறு மேஜை. புது மருமகள் பெண்கள் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் குவான்-சிக், ஒரு வார்த்தை பேசாமல், உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி, அவளைப் பார்த்தபடி, அவளோடு சேர்ந்து சாப்பிடுகிறான்.

அவ்வளவுதான் காட்சி. வசனம் இல்லை, கைதட்டல் இல்லை. ஒரு மனிதன் திரும்பி உட்கார்ந்தான்.

"உன் பெரியப்பா நல்லவர்தான்" என்றாள் பெரியம்மா. "குடி கிடையாது. கை நீட்டினது கிடையாது. முப்பத்தொன்பது வருஷம். ஒரு நாள் கூட, 'நீ சாப்பிட்டியா'ன்னு கேட்டதில்லேப்பா. கேக்கணும்னு அவருக்குத் தெரியலே. எனக்கும் அது ஒரு குறைன்னு அப்போ தெரியலே. இப்போ அந்தப் பையன் திரும்பி உக்காந்தான் பாரு, அப்பத்தான் தெரிஞ்சுது."

அந்தத் தொடரின் கொரியத் தலைப்பு ஜேஜு தீவின் பேச்சு வழக்கில் இருக்கிறது. 'ரொம்பப் பாடுபட்டுட்டீங்க' என்று நன்றியோடு சொல்வது போன்ற அர்த்தம். 1860-ல் எல்லென் உட் எழுதியதும் ஒரு பெண்ணின் பாடு. அதை எடுத்துக்கொண்டபோது நம் சினிமா பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தது. பிறகு கத்தியையும் துப்பாக்கியையும் கடன் வாங்கப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. பெண்கள் கொரியாவுக்குப் போய்விட்டார்கள் என்று அண்ணனைப் போன்றவர்கள் குறைப்படுவதில் அர்த்தம் இல்லை. நம் படக் கதாசிரியர்கள் மறுபடியும் கடன் வாங்குவதானால், தாராளமாக வாங்கட்டும். உரிமைக்கு விலை கொடுத்து வாங்கட்டும். ஆனால் லாரி மோதலை விட்டுவிட்டு, அந்தத் திரும்பி உட்காரும் மனத்தை வாங்கட்டும். எழுதும் மேஜையில் பெண்களுக்கும் நாற்காலி போடட்டும்.

உபதேசம் சொல்வது சுலபம். அன்று ராத்திரி என்ன நடந்தது தெரியுமா? எபிஸோட் முடிந்தது. விளக்குப் போட்டார்கள். அண்ணி இரண்டு தட்டு வைத்தாள். அண்ணனும் நானும் உட்கார்ந்தோம். சாம்பார் பிரமாதம். ரசம் அதைவிடப் பிரமாதம். மூன்றாவது முறை சாதம் வைக்க என் மனைவி குனிந்தபோதுதான், பரிமாறும் நாலு பேரும் இன்னும் சாப்பிடவில்லை என்பது என் புத்தியில் உறைத்தது.

மறுநாள் எங்கள் வீட்டில், தட்டு வைத்ததும் நான் சாப்பிடாமல் காத்திருந்தேன். "நீயும் உட்காரேன், சேர்ந்து சாப்பிடலாம்" என்றேன்.

என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, கொரியா நாடகமா?" என்றாள்.

ஆனால் உட்கார்ந்தாள்.